இமைமேல் ஏறிய இளஞ்சிவப்பு

ஓசூரில் தொழிற்சாலை ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் கூடி நிற்கும் ஃபேன்சி ஸ்டோர்களில், கண்ணாடி மூடி போட்ட ஒரு சிறு பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே ஆறு அல்லது ஒன்பது குழிகள். ஒவ்வொன்றிலும் அழுத்தி வைத்த தூள். பன்னீர் ரோஜா நிறம், செங்கல் நிறம், மினுமினுக்கும் தாமிர நிறம் என்று எல்லாம் இளஞ்சிவப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இருநூறு, முந்நூறு ரூபாய்க்கே கிடைத்துவிடும். இதைத்தான் ஐஷேடோ என்கிறார்கள். நாம் இமைப்பூச்சு என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதைக் கண்ணருகே பூசலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்துப் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

சி.ஐ. 77491 என்றிருந்தால் அது சிவப்பு இரும்பு ஆக்ஸைடு. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்ஸைடுதான்! ஆனால் மண்ணிலிருந்து எடுத்த காவியில் ஆர்செனிக், ஈயம் முதலியவை கலந்திருக்கக்கூடும். ஆகையால் ஒப்பனைக்கு வேண்டியதை இரசாயன முறையில் தூய்மையாகத் தயாரிக்கிறார்கள். 77891 என்பது டைட்டானியம் டை-ஆக்ஸைடு என்னும் வெண்ணிறத் தூள். சிவப்பை இளஞ்சிவப்பாக்குவது அதுவே. அது மிகுந்துவிட்டால் நம் மாநிறத் தோலில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். "பெட்டியில் அழகாக இருந்தது, இமையில் வெளுத்துப் போயிற்று" என்று பலர் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். 77019 என்பது அப்ரகம், அதாவது மைக்கா. அப்ரகச் செதிலின்மேல் டைட்டானியம் டை-ஆக்ஸைடை ஏறத்தாழ 50 நானோமீட்டர் கனத்துக்குப் படிய வைத்தால் வெள்ளிபோல் மின்னும். 80 முதல் 100 நானோமீட்டர் வரை என்றால் சிவப்பாக மின்னும். சோப்புக் குமிழியில் வண்ணம் தோன்றுகிறதல்லவா, அதே விந்தைதான்.

சில பெட்டிகளில் 75470 என்று ஓர் எண் இருக்கும். கார்மைன் என்பது அதன் பெயர். அது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சாயம்! சைவ உணவுக்காரர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். அந்தப் பூச்சிக்கும் நம் நாட்டுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு.

கோச்சினீல் என்னும் அப்பூச்சி அமெரிக்கக் கண்டத்தில் சப்பாத்திக் கள்ளியை உறிஞ்சி வாழ்வது. உலர்ந்த பூச்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்மினிக் அமிலம். ஒரு பவுண்டுச் சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர்கள் இந்த வாணிபத்தை இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தம் கைக்குள் வைத்திருந்தார்கள். 1777-இல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஓவாஹாகா நகருக்குச் சென்று, பூச்சி ஒட்டிய கள்ளித் துண்டுகளைத் திருட்டுத்தனமாகக் கடத்திச் சென்றார்.

ஆங்கிலேயருக்கும் இந்தச் சாயத்தின்மீது ஆசை உண்டு. அவர்களுடைய படை அதிகாரிகளின் செஞ்சட்டைகளுக்கு நிறம் தந்தது கோச்சினீலே. சென்னையில் கும்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-இல் சென்னைக்கு அருகே புல்லில் ஒரு பூச்சியைக் கண்டு, அதுவும் கோச்சினீல் இனமே என்று நம்பி இலண்டனுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். அது நல்ல சாயம் தரவில்லை. மனிதர் தளரவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளி வளர்ப்பதற்கென்றே ஒரு தோட்டம் அமைத்தார். கள்ளி வந்தது, செழித்தது. மெக்சிகோவின் உயர்சாதிப் பூச்சி மட்டும் வரவேயில்லை. தோட்டம் தயாராகி விருந்தாளிக்குக் காத்திருந்த அந்த ஆண்டுகளில் மேற்கே வேறொரு செஞ்சட்டை நாடகம் நடந்துகொண்டிருந்தது. 1791-இல் கும்பெனிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றது. மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், திப்புவிடமிருந்த பாராமகால் பகுதி கும்பெனிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக தாமஸ் மன்றோவும் அதை நிர்வகித்தனர்.

1795-இல் ஒருவழியாக ஒரு பூச்சி வந்து சேர்ந்தது. நீல்சன் என்ற கப்டன் பிரேசிலிலிருந்து அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். ஆனால் அது காட்டு இனம். உடலில் பஞ்சுபோன்ற மெழுகு அதிகம், சாயம் குறைவு. வாணிபம் தோற்றது. பூச்சியோ தன் வேலையைச் செய்தது. வேலியாக வளர்ந்திருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்று பரப்பளவு பரப்பளவாக அழித்தது! சாயத்துக்காக வந்த பூச்சி களையை ஒழிக்கும் என்று கண்டுகொண்டவர்கள், 1830-களில் அதைத் தென்னிந்தியாவுக்கும் பின்னர் இலங்கைக்கும் வேண்டுமென்றே கொண்டு போனார்கள். ஒரு களையை ஒழிக்கப் பூச்சியைப் பயன்படுத்தி வெற்றி கண்ட முதல் முயற்சி என்று இதை விஞ்ஞானிகள் குறிப்பிடுகிறார்கள். எஞ்சிய இன்னொரு கள்ளி வகைக்கு 1926-இல் வேறொரு கோச்சினீல் இனம் தென்னிந்தியாவில் விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பெரும்பரப்பான நிலம் கள்ளியிலிருந்து மீண்டது. ஆண்டர்சன் 1809-இல் காலமாகிவிட்டார். தம் தோல்வி இப்படிப் பயன்பட்டதை அவர் பார்க்கவில்லை.

1856-இல் பெர்க்கின் கண்டுபிடித்த ஊதாச் சாயத்தைத் தொடர்ந்து கரித்தார்ச் சாயங்கள் பெருகின. கோச்சினீல் விலை வீழ்ந்தது. அழிந்தே போயிருக்க வேண்டிய அதைக் காப்பாற்றியவற்றுள் உணவும் கண்ணும் உண்டு. அமெரிக்காவில் 1933-இல் 'லாஷ் லூர்' என்ற இமைமயிர்ச் சாயம் விற்றது. அதிலிருந்த பாரா-பினிலீன் டையமீன் என்னும் பொருளால் பெண்கள் பலர் கண் புண்ணாகித் துன்புற்றனர். பார்வை இழந்தவரும் உண்டு. 1938-இல் அந்நாட்டில் ஒப்பனைப் பொருள்கள் சட்டத்துக்குள் வந்தன. கரித்தார்ச் சாயங்களைக் கண்ணருகே பூசுவதில் அங்கே இன்றும் கடுமை காட்டுகிறார்கள்; கார்மைனுக்கு அனுமதி உண்டு. சிலருக்கு அதுவும் ஒவ்வாமை தரும். இன்று கார்மைன் பெருமளவில் பெரு நாட்டிலிருந்து வருகிறது.

நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் 1962-இல் ஒப்பனைப் பொருள்களும் சேர்க்கப்பட்டன. நிறத்துக்காக ஈயச் சேர்மங்களையோ ஆர்செனிக் சேர்மங்களையோ கலப்பது குற்றம். சாயப் பொருளில் தவிர்க்க முடியாமல் தங்கும் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கையும், ஆர்செனிக் 2 பங்கையும் தாண்டலாகாது. பழையதெல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கலீனாக் கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா பல நூற்றாண்டுப் பழமை உடையது. அக்கல்லின் எடையில் 86 சதவீதத்துக்கு மேல் ஈயமே! அதைக் குழந்தை கண்ணுக்கு இடுவதைவிட இந்த முந்நூறு ரூபாய்ப் பெட்டி எவ்வளவோ மேல், உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் அதில் அச்சாகியிருந்தால். இரண்டும் இல்லாத பெட்டியைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். வாங்கினால் முதலில் முழங்கைக்கு உட்புறம் சிறிது பூசி ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் இமைக்கு வரலாம். பெட்டியை இன்னொருவரோடு பகிர வேண்டாம்; விடுதி அறையில் ஒரே தூரிகை நான்கு பேரைச் சுற்றினால் கண்வலியும் சுற்றும்.

அடுத்த முறை தேன்கனிக்கோட்டைப் பக்கமோ வேறெங்கோ வேலியோரச் சப்பாத்திக் கள்ளியைக் கண்டால் சற்று நில்லுங்கள். மடலில் வெள்ளைப் பஞ்சுத் திட்டுகள் ஒட்டியிருந்தால், முள் படாமல் ஒரு குச்சியால் சிறிதளவு எடுத்து வெள்ளைத் தாளில் நசுக்குங்கள். தாளில் படியும் செந்நிறம்தான் ஆண்டர்சன் தேடியலைந்தது.