பள்ளிவாசலை வேவு பார்த்தவர்கள் மீது ஒரு வழக்கு

பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருமறை தடுத்துள்ளது. அதிகாரம் படைத்தவர்களே அதைச் செய்தால், பாதிக்கப்பட்டோர் என்ன செய்வது? அமெரிக்க முஸ்லிம்களின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், நியூயார்க் நகரக் காவல்துறை தன் உளவுப் பிரிவில் ஒரு தனிக் குழுவை அமைத்தது. முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள், உணவகங்கள், கடைகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அங்கு மக்கள் பேசிக்கொள்வதைக் குறித்து வைப்பது அதன் பணி. மாணவர் சங்கங்களும் கண்காணிப்புக்குத் தப்பவில்லை. குற்றம் புரிந்தார் என்ற ஐயம் தேவைப்படவில்லை. முஸ்லிமாக இருப்பதே போதுமானதாயிற்று. அண்டை மாநிலமான நியூ ஜெர்சி வரை இது நீண்டது.

2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆவணங்களுடன் இதை அம்பலப்படுத்தியது. அக்குழு திரட்டிய தகவல்களால் தம் பொறுப்புக் காலத்தில் ஒரு விசாரணைகூடத் தொடங்கப்படவில்லை என்று உளவுப் பிரிவின் உயர் அதிகாரி ஒருவரே சாட்சியமளித்தார்.

2012 ஜூனில் நியூ ஜெர்சி முஸ்லிம்கள் சிலர் நியூயார்க் நகரத்தின் மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். பள்ளிவாசல்களும் கடைக்காரர்களும் மாணவர்களும் அதில் இணைந்தனர். வழக்கிற்குத் தம் பெயரைத் தந்த ஹஸன் என்பவர் அமெரிக்க இராணுவத்தின் ரிசர்வ் படைவீரர். பள்ளிவாசலுக்குச் செல்வதே தம் பணிக்கு ஊறாகுமோ என அஞ்சி, அங்குச் செல்வதைக் குறைத்துக்கொண்டவர் அவர்.

2014 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கண்காணிப்பால் அன்று, அதைப் பத்திரிகை வெளியிட்டதாலேயே தீங்கு நேர்ந்தது என்பது நீதிபதி கூறிய காரணங்களுள் ஒன்று! முறையிட்டவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2015 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வழக்கிற்கு உயிரூட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டதையும் அது நினைவூட்டியது. இதற்கிடையில், 2014 ஏப்ரலிலேயே அத்தனிக் குழு கலைக்கப்பட்டிருந்தது.

2018 ஏப்ரலில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. வழக்குத் தொடுத்தோருக்குக் கிடைத்த இழப்பீடு மொத்தம் சுமார் 75,000 டாலர். பலர் பகிர்ந்துகொண்டால் சிறு தொகையே. மதத்தையும் இனத்தையும் அடிப்படையாகக் கொண்டு கண்காணிப்பதில்லை என்று காவல்துறை ஒப்புக்கொண்டதே பெரும்பேறு. காவலர்களுக்கான வழிகாட்டி நூல் எழுதப்படும்போது கருத்துரைக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. எனினும் உடன்பாடு தீர்ப்பாகாது; குற்றவாளி இவர் என்று அது எவரையும் சுட்டவில்லை. இழப்பீடும் அதிகாரிகளின் சட்டைப்பையிலிருந்து வரவில்லை. அந்தக் குறை நிற்கவே செய்கிறது.

பொறுமை என்றால் வாய் மூடி இருப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அம்மக்கள் கல்லெறியவில்லை, அஞ்சி ஒதுங்கவுமில்லை. தம் பெயரிட்டு முறையிட்டு, ஏறத்தாழ ஆறாண்டுகள் காத்திருந்தனர். அதுவே ஸப்ர். அநீதி நேருமிடத்தில் அதை முறையாகப் பதிவு செய்யும் உறுதியை வல்ல இறைவன் நமக்கும் வழங்குவானாக!