தண்ணீர் தின்ற உலோகங்கள்: நம் வீட்டு வெந்நீரின் கதை



போன வாரம் எங்கள் வீட்டில் கீசரை மாற்றினோம். அதோடு சுவருக்குள் இருந்த பழைய ஜி.ஐ. குழாயையும் கொத்தி எடுத்துவிட்டு சி.பி.வி.சி. குழாய் போட்டோம். மூன்று நாள் வேலை, வீடு முழுக்கத் தூசு. வெட்டி எடுத்த குழாய்த் துண்டை பிளம்பர் தம்பி கையில் கொடுத்தார். அரை அங்குலக் குழாயின் உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சம் இருந்தது. சுற்றிலும் துருவும் வெள்ளைப் படிவும். பக்கத்திலேயே போன குளிர்நீர்க் குழாய் அதே வயதுதான், ஆனால் பரவாயில்லாமல் இருந்தது. வெந்நீர்க் குழாய் மட்டும் ஏன் இப்படி ஆனது? இதற்குப் பதில் சொல்லப் போனால் கொஞ்சம் வரலாறு பேச வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் பக்கத்து வெந்நீர் அடுப்பு. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பொடக்காலியில் மூன்று கல், மேலே கரி பிடித்த செப்பு அண்டா. விறகு சமையலுக்கு. வெந்நீருக்குப் பருத்திமாரும் சோளத்தட்டையும் தென்னை மட்டையும்தான். கிணற்றில் சேந்தி, சுமந்து, நிரப்பி, ஊதி, புகையில் கண் எரிய நின்றது யார்? வீட்டுப் பெண்கள்தான். வீட்டில் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேருக்கும் விளாவிக் கொடுத்துவிட்டு அம்மாவுக்குக் கடைசியில் கிடைப்பது அடியில் இருக்கும் ஆறிய தண்ணீர். கீசர் வந்து சோம்பேறி ஆகிவிட்டோம் என்று பேசும் ஆண்களைப் பார்த்தால், ஒரு மார்கழி மாதம் அந்த அடுப்பு முன்னால் உட்கார வைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

வசதியான வீடுகளில் செம்பு பாய்லர் இருந்தது. உருளை வடிவம், நடுவில் ஒரு குழல், அதற்குள் கரியோ விறகுத் துண்டோ எரியும், சுற்றிலும் தண்ணீர். டீக்கடை பாய்லரும் ரஷ்யாக்காரர்களின் சமோவாரும் இதே அமைப்புதான். ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் ஒரு குடம் வெந்நீர் வரும் வகையும் உண்டு. ஊற்றும் புனலின் குழல் அடிவரை போகும், வெந்நீர் வெளியேறும் மூக்கு மேலே இருக்கும். சூடான நீர் லேசாகி மேலே நிற்கும், குளிர்ந்த நீர் அடியில் தங்கும். ஏழாம் வகுப்பில் வெப்பச்சலனம் என்று உங்களுக்கு நடத்தினேனே, அதுதான். இன்றைய கீசரிலும் இதுவே. நீல வளையம் போட்ட குழாய் வழியாகத் தண்ணீர் அடியில் நுழையும். சிவப்பு வளையக் குழாய் உள்ளே உச்சிவரை நீண்டு அங்கிருந்து வெந்நீரை எடுக்கும். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் பாதி வாளிகூடச் சூடாக வராது.

கீசர் என்ற சொல் ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்ற பெயின்டர் எரிவாயுவால் தண்ணீரைச் சூடாக்கும் கருவி செய்து அதற்கு அந்தப் பெயரை வைத்தார். புகை போக வழியே வைக்கவில்லை! குளியலறைக்குள் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. 1889-ல் அமெரிக்காவில் எட்வின் ரூட் என்ற நார்வேக்காரர் தானாக இயங்கும் சேமிப்பு வகையைக் கொண்டு வந்தார். நம் பக்கம் மின்சாரம் வந்த கதை வேறு. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, 1937-ல் அங்கே நீர்மின்சாரம் தொடங்கியது. ஆனாலும் சாதாரண வீடுகளுக்குள் கீசர் நுழைய இன்னும் இரண்டு தலைமுறை ஆனது.

இனி குழாய்க்கு வருவோம். இரும்பைத் துருவிலிருந்து காக்கத் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837-ல் ஃபிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் காப்புரிமை பெற்றார். பூச்சு மூடி வைப்பதால் மட்டும் பாதுகாப்பு இல்லை. கீறல் விழுந்த இடத்திலும் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தானே கரைந்து இரும்பைக் காப்பாற்றும். குளிர்ந்த நீரில் இது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல், பல வகைத் தண்ணீரில், இந்த உறவு தலைகீழாகிவிடும். துத்தநாகம் கரையாமல் நிற்க, இரும்பு கரையத் தொடங்கும். கீசரிலிருந்து வரும் நீரும் அதே 60 டிகிரி அளவில்தான் இருக்கும். எங்கள் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் மட்டும் முதலில் போனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நம் ஊர்த் தண்ணீர். ஓமலூரிலிருந்து சேலம் போகும்போது கருப்பூர் தாண்டி வெள்ளை வெளேர் என்று தெரியுமே, அது சுண்ணாம்புக் கரடு. பெயர்தான் சுண்ணாம்பு, உள்ளே இருப்பது மக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் சந்திப்பு என்று பெயர். எஃகு உலைகளின் உள்சுவருக்கான செங்கல் இந்தக் கல்லில்தான் செய்கிறார்கள். இப்படிப்பட்ட பாறை நிலத்தில் ஊறி வரும் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு, மாடித் தொட்டிக்குப் போர் தண்ணீரை ஏற்றுவதுதான் இங்கே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அந்த உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்திருந்தது வெள்ளைப் படிவாக ஒட்டும். ஹீட்டர் கம்பி மேல் அது தடிமனாக ஏறினால் சூடு வெளியேற முடியாமல் கம்பியே வெந்து அறுந்துபோகும். கரண்ட் பில் எகிறுவது இதனால்தான் என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு இல்லை. உண்மையான நஷ்டம் கம்பிதான். கணக்கு வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற சுமார் 2,200 கிலோஜூல் வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு அது 18 நிமிட வேலை, முக்கால் யூனிட்கூட ஆகாது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கீசர் தொட்டிக்குள் ஒரு கம்பி இருக்கிறது. ஆனோடு கம்பி என்பார்கள். பெரும்பாலும் மக்னீசியத்தால் ஆனது. வெளியே தெரியாது. இதன் மூலக்கதை கடலில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் மரக்கப்பலின் அடிப்பகுதியைப் புழு அரிக்காமல் இருக்கச் செப்புத் தகடு போர்த்தினார்கள். கடல்நீர் செம்பைத் தின்றது. 1824-ல் ஹம்ப்ரி டேவி அந்தத் தகட்டோடு துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் இணைத்துப் பார்த்தார். கடல்நீர் துண்டுகளைத் தின்றது, செம்பு தப்பித்தது. ஆனால் பாருங்கள், செம்பு கரையாததால் அதன் நச்சும் கடலில் கலக்கவில்லை. சிப்பியும் பாசியும் குஷியாக வந்து ஒட்டிக்கொண்டன, கப்பல் மெதுவானது. கடற்படை அந்த யோசனையையே கைவிட்டது. பின்னாளில் இரும்புக் கப்பலுக்கும், நிலத்தடிக் குழாய்களுக்கும், கடைசியில் நம் கீசருக்கும் அது பயன்பட்டது. மக்னீசியத்தை 1808-ல் முதலில் பிரித்தெடுத்தவரும் இதே டேவிதான். கரட்டில் கல்லாகக் கிடக்கும் அதே தனிமம் கம்பியாகத் தொட்டிக்குள் தொங்கிக் கரைந்து, எஃகைக் காக்கிறது.

அந்தக் காலத்தில் தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவார். பித்தளை, செப்புப் பாத்திரங்களின் உட்புறம் தேய்ந்ததும் மறுபடி பூசிக் கொடுப்பார். பூச்சு தேயும், திரும்பப் பூச வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கீசரின் எஃகுத் தொட்டிக்குள் கண்ணாடிப் பூச்சு கொடுக்கும் முறை 1930-களில் அமெரிக்காவில் வந்தது. நல்ல முறைதான். ஆனால் பூச்சில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்தாலும் அங்கே காவலுக்கு நிற்பது இந்தக் கம்பி மட்டும்தான். கம்பி முழுதும் கரைந்த பிறகு தொட்டியின் முறை. எங்கள் பழைய தொட்டியைத் திறந்தபோது ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, மக்னீசியம் துளியும் இல்லை. அடியில் துரு ஓட்டை. விற்கும்போதும் சரி, சர்வீசுக்கு வந்தபோதும் சரி, ஒருவரும் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. கம்பியை மாற்றுவது சிறிய செலவு, தொட்டியை மாற்றுவது பெரிய செலவு. போர் தண்ணீர் பயன்படுத்துகிற வீட்டில் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சி.பி.வி.சி. பற்றி ஒரு வார்த்தை. நம் மேட்டூரிலேயே 1960-களில் பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சாதாரணக் குழாய் வெந்நீரில் இளகிவிடும். குளோரினை இன்னும் கூட்டிச் செய்த சி.பி.வி.சி. 90 டிகிரி வரை தாங்கும், துருப்பிடிக்காது. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். குழாய் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்துதான் வாங்க வேண்டும். பசை போட்டு ஒட்டியதும் அவசரப்பட்டுத் தண்ணீர் திறந்துவிடாதீர்கள், டப்பாவில் சொன்ன நேரம் காயட்டும்.

கடைசியாக சேஃப்டி வால்வு. 1679-ல் டெனிஸ் பாப்பான் என்ற ஃபிரெஞ்சுக்காரர் மூடிய பாத்திரத்தில் எலும்பை வேகவைக்கும் கருவி செய்தார். நம் குக்கருக்குத் தாத்தா அது. நீராவி வெடித்துவிடாமல் இருக்க எடை வைத்த வால்வையும் அவரே சேர்த்தார். கீசரின் குளிர்நீர் வாயில் இருக்கும் சிறிய வால்வுக்கும் அதே வேலை. சூடானால் நீர் விரியும், தெர்மோஸ்டாட் பழுதானால் கொதிக்கும், அழுத்தம் ஏறும். அப்போது வால்வு சொட்டும், சொட்ட வேண்டும். "சார், ஒழுகுது" என்று சொல்லி அதை அடைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன். அடைத்த கீசர் என்பது வெயிட் தூக்க முடியாத குக்கர். எங்கே வைத்திருக்கிறோம் என்று பாருங்கள், குளிக்கும் குழந்தையின் தலைக்கு மேலே. ஊரில் வயதான பெற்றோர் தனியாக இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை வரும்போது முதலில் இந்த வால்வையும் எர்த்தையும் பார்த்துவிடுங்கள்.

யார் வீட்டிலாவது பழைய செம்பு பாய்லர் பரணில் கிடந்தால் ஒரு படம் எடுத்து கமென்ட்டில் போடுங்கள். குறிப்பாக, புனல் வைத்த வகை இருந்தால் உள்ளே குழல் எதுவரை போகிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்து சொல்லுங்கள்.