கையெழுத்திட மறுத்த உழவர்



சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்விப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் கீழ்ப்படிதல். யார் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று மாணவர்களையே சொல்லச் செய்து, பெற்றோர், ஆசிரியர், சட்டம், நாடு என வெண்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். அப்போது பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, பெரியவங்களே தப்பான ஒன்ன செய்யச் சொன்னா, அப்பவும் கேக்கணுமா?" என்றாள். "நல்ல கேள்வி. அடுத்த பாடத்தில் பேசலாம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நல்லவேளையாகப் பாடநேரமும் முடிந்துவிட்டது.

அவள் கேட்டவுடனே என் நினைவுக்கு வந்தவர் ஓர் ஆஸ்திரிய உழவர். பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் அவர் வரலாற்றை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் அன்று பின்வாங்கினேன். பெரியவர்களாகிய உங்களிடம் முழுவதையும் சொல்லலாம்.

அவர் பெயர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். 1907ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், ஆஸ்திரியாவில் பவேரிய எல்லையை ஒட்டிய புனித ரடேகுண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். இட்லர் பிறந்த பிரவுனாவ் நகரமும் அதே மாவட்டத்தில்தான் உள்ளது. தாய் ஒரு பண்ணைப் பணிப்பெண். திருமணம் செய்துகொள்ளவும் வழியில்லாத வறுமையில் இருந்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையைப் பாட்டிதான் வளர்த்தார். தந்தை முதல் உலகப் போரில் இறந்துபோனார். 1917இல் தாய் யேகர்ஸ்டேட்டர் என்ற உழவரை மணந்தார். அவர் சிறுவனைத் தம் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொண்டார்.

அவர் படித்தது ஓரறைப் பள்ளி. ஏறத்தாழ 50, 60 பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். (தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்திப் பாடம் நடத்திய மூத்த ஆசிரியர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.) அவ்வளவுதான் அவர் பெற்ற பள்ளிக் கல்வி. ஆனால், வளர்ப்புத் தந்தையின் வீட்டில் நூல்கள் இருந்தன. அங்கே வாசிக்கும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. பிற்காலத்தில் தம் ஞானப்பிள்ளைக்கு எழுதிய மடலில், வாசிக்காதவன் தன் காலில் நிற்க முடியாது, பிறருடைய கருத்துகள் அவனைப் பந்தாக உதைத்து விளையாடும் என்ற பொருள்பட எழுதினார். வாசிப்புத் திட்டங்களுக்கு முழக்கவரி தேடி அலையும் நாம் இந்த உழவரிடம் கேட்டிருக்கலாம்!

இளமையில் அவர் புனிதராக இருக்கவில்லை. ஊரிலேயே முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் அவர். அடிதடியிலும் இறங்கியிருக்கிறார். சில ஆண்டுகள் ஐசனெர்ஸ் என்ற ஊரின் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்தபோது கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தார். 1933இல் திருமணம் ஆகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். புனிதர்களின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய பகுதிகளை விரைவாகத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். எனக்கோ இது மிகவும் தேவையான பகுதியாகத் தோன்றுகிறது.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். சிறுவயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் 'சுயாதீனம்' என்ற சொல்லை மனனம் செய்திருக்கிறோம். மனிதன் நன்மையையோ தீமையையோ தானே தெரிந்தெடுக்கும்படி இறைவன் கொடுத்த உரிமை என்று விளக்கம் சொன்னார்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தினார் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். தீமைக்குக் காரணம் கடவுளா என்ற கேள்வியில் தொடங்கும் அந்நூல், மனிதனின் விருப்பம் தவறான பக்கம் திரும்புவதையே விடையாக முன்வைக்கிறது. பிரான்சு தம் விருப்பத்தை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தவர். பிழை செய்யும் உரிமையையும் அவர் பயன்படுத்தியிருக்கிறார்; அதிலிருந்து திரும்பும் உரிமையையும் பயன்படுத்தியிருக்கிறார்.

1936ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பிரான்சிஸ்கா என்ற பெண்ணை மணந்தார். ஊர் வழக்கத்திற்கு மாறாக, மணமக்கள் உரோமைக்குப் பயணம் போனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். கணவனும் மனைவியும் சேர்ந்து செபிப்பதும் விவிலியம் வாசிப்பதும் வழக்கமாயின.

1938 மார்ச்சில் ஜெர்மானியப் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 10ஆம் நாள், ஜெர்மனியுடன் இணைவதை ஏற்கிறீர்களா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஆஸ்திரிய ஆயர்களே ஆதரவாக அறிக்கை விட்டிருந்தார்கள். அறிவிக்கப்பட்ட முடிவின்படி 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஆம் என்றனர். புனித ரடேகுண்ட் ஊரில் இல்லை என்று வாக்களித்தவர் பிரான்சு ஒருவரே. அந்த ஒரு வாக்கைக்கூட உள்ளூர் அதிகாரிகள் மறைத்து, ஊர் முழுவதும் ஒருமனதாக ஆதரித்ததாக அறிவித்துவிட்டனர். அவருக்கு ஊர்த்தலைவர் பதவி தருவதாகவும் சொல்லிப் பார்த்தார்கள், மறுத்துவிட்டார். அரசு கொடுத்த குடும்ப உதவித்தொகையையும் வாங்கவில்லை. கட்சிக்காகத் திரட்டிய நன்கொடைகளுக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை.

இவையெல்லாம் சிறிய மறுப்புகள். உதவித்தொகையை வேண்டாம் என்று சொன்னதற்காக யாரும் அவரைக் கொல்லப் போவதில்லை. ஆனால், 1943இல் அவர் சொன்ன பெரிய மறுப்பு ஒரே நாளில் முளைத்ததன்று என்பதற்காகவே இவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெருக்கல் வாய்பாட்டைப் போல அதற்கும் பயிற்சி இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1940இல் படைக்கு அழைக்கப்பட்டபோது அவர் போனார். மற்றவர்களைப் போலவே உறுதிமொழியும் எடுத்தார். 1934 ஆகஸ்டு முதல் ஜெர்மானியப் படைவீரர்கள் எடுத்த உறுதிமொழி நாட்டின் பேரிலோ அரசமைப்பின் பேரிலோ எடுக்கப்பட்டதன்று; அடால்ப் இட்லர் என்ற தனிமனிதனுக்கு நிபந்தனையின்றிக் கீழ்ப்படிவேன் என்று கடவுளின் பெயரால் எடுக்கப்பட்டது. பயிற்சி முடித்து, பண்ணை வேலையைக் காரணம் காட்டி 1941இல் ஊர் திரும்பினார். அதற்குள் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைத் தெரிந்துகொண்டிருந்தார். மனநலம் குன்றியோரை அரசே கொன்று வந்த செய்தி அவரை எட்டியது. லின்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஹார்ட்ஹைம் மாளிகையில் மட்டும் 1940, 1941 ஆண்டுகளில் ஏறத்தாழ 18,000 பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். பிறர் நாட்டைப் பறிப்பதற்கும் இத்தகைய ஆட்சியைக் காப்பதற்கும் துப்பாக்கி தூக்குவது பாவம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். மறுபடியும் அழைத்தால் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கினார்.

இனிதான் எனக்குச் சங்கடமான பகுதி. ஒரு கத்தோலிக்கருக்கு ஐயம் வந்தால் யாரிடம் போவார்? பங்குத்தந்தையிடம் போவார். பிரான்சும் போனார். அவருடைய பங்குத்தந்தை கரோபாத் நாஜிகளை எதிர்த்து மறையுரை ஆற்றியதற்காகச் சிறைப்பட்டு ஊரைவிட்டு விலக்கப்பட்டவர். அவரே பிரான்சிடம், குடும்பத்தை நினைத்துப் போய்விடு என்றார். பிறகு லின்ஸ் ஆயர் பிளீசரைச் சந்தித்தார். போர் நியாயமானதா என்று ஆராய்வது உன் பொறுப்பன்று, தந்தை என்ற கடமையை நினைத்துக்கொள் என்பதே ஆயர் சொன்னதன் சாரம். ஆட்சியாளருக்குப் பணிந்திருக்கச் சொல்லும் புனித பவுலின் உரோமையர் மடல் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டாதவர் இல்லை. பிரான்சு திருத்தூதர் பணிகள் நூலின் 5ஆம் அதிகாரத்தைக் காட்டினார். மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு ஆட்சிமன்றத்தின் முன் நின்று சொல்லும் இடம் அது.

எண்ணிப் பாருங்கள். அவரைத் தடுத்தவர்கள் அனைவரும் நல்லவர்கள். தாய், உறவினர், குருக்கள், ஆயர் என எல்லாருமே அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று விரும்பியவர்கள். நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. அன்று அந்த ஊரில் நான் அவருக்கு அண்டை வீட்டுக்காரனாக இருந்திருந்தால், போய் அறிவுரை சொன்னவர்களில் நானும் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அவர்கள் யாரும் வாழ்ந்திராத ஒரு சூழலில் எளிதாகத் தீர்ப்பு எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவதுண்டு.

1943 பிப்ரவரியில் அழைப்பாணை வந்தது. மார்ச் முதல் நாள் என்ஸ் நகரப் படைமுகாமுக்குப் போய்ச் சேர்ந்து, ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அறிவித்தார். லின்ஸ் நகரில் இரண்டு மாதம் சிறை. மே 4ஆம் நாள் பெர்லினின் தேகல் சிறைக்கு மாற்றினார்கள். (புகழ்பெற்ற இறையியலாளர் போன்ஹோபரும் அதே காலத்தில் அதே சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்.) காயமுற்றவர்களுக்கு உதவும் மருத்துவப் பணியில் சேர்கிறேன் என்று பிரான்சு கேட்டுப் பார்த்தார், ஏற்கவில்லை. சாகவேண்டும் என்ற வேட்கையில் அவர் அங்கே போகவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஜூலை 6ஆம் நாள், படைவலிமையைக் குலைத்த குற்றத்திற்காகப் படைத்துறை உயர்நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

சிறையில் அவருக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் ஒரு செய்தி. பிரான்ஸ் ரைனிஷ் என்ற கத்தோலிக்கக் குரு, அதே உறுதிமொழியை எடுக்க மறுத்து 1942இல் தலை துண்டிக்கப்பட்டதைச் சிறை குரு ஒருவர் அவருக்குச் சொன்னார். தம்மைப் போல் நினைத்த கத்தோலிக்கர் ஒருவராவது இருந்தார் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை தனியாகவே நின்றிருக்கிறார்!

ஜூலையில் பிரான்சிஸ்காவும் புதிய பங்குத்தந்தையும் பெர்லினுக்குப் போய் அவரைக் கண்டனர். இருபது நிமிடச் சந்திப்பு. அப்போதும் அந்தக் குரு மனத்தை மாற்றிக்கொள்ளும்படி வற்புறுத்தினார். தண்டனைக்குப் பின் எழுதிய குறிப்பொன்றில், கைகள் கட்டப்பட்டிருக்கும் நிலையிலும் மனவிருப்பம் கட்டப்படாமல் இருப்பதே மேல் என்ற கருத்தை அவர் பதிவு செய்துள்ளார். நான் மனனம் செய்த 'சுயாதீனம்' என்ற சொல்லுக்கு, விலங்கிட்ட கையால் ஒருவர் விளக்கம் எழுதியிருக்கிறார் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

ஆகஸ்டு 9ஆம் நாள் அவரைப் பிராண்டன்பர்க் சிறைக்குக் கொண்டு சென்றனர். அங்கே அவரைச் சந்தித்த யோக்மான் என்ற குரு, மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். அதில் கையெழுத்திட்டால் உயிர் தப்ப வழியுண்டு. பிரான்சு அதை அப்பால் தள்ளிவிட்டு, என்னால் அந்த உறுதிமொழியை எடுக்க இயலாது என்றார். அன்று மாலை கில்லட்டின் அவர் தலையைத் துண்டித்தது. வயது 36. என் வாழ்நாளில் நான் கண்ட ஒரே புனிதர் அவர்தாம் என்று அந்தக் குரு பின்னர் ஆஸ்திரியக் கன்னியர் சிலரிடம் சொன்னார். அக்கன்னியர்களே அவருடைய சாம்பலைப் பாதுகாத்து வைத்திருந்து, 1946இல் ஊருக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தனர்.

போர் முடிந்ததும் ஊர் அவரைக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. அந்த வீடுகளில் எல்லாம் போருக்குப் போய்த் திரும்பாத மகன்களும் கணவன்களும் இருந்தனர். பிரான்சு செய்தது சரி என்றால் தம் மகன் செய்தது என்ன என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றது. 1946இல் அவரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட ஆயர் பிளீசர் இசையவில்லை. கடமையைச் செய்து மடிந்த இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. போரில் இறந்தவரின் மனைவி என்ற முறையில் கிடைக்க வேண்டிய உதவித்தொகை பிரான்சிஸ்காவுக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. கணவனைத் தடுக்காதவள் என்று பழியும் சுமந்தார்.

கோர்டன் சான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1964இல் நூல் எழுதிய பிறகே உலகம் அவரை அறிந்தது. மனச்சான்றின்படி போரை மறுப்போர் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் விவாதித்தபோது, பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ் இந்த உழவரின் கதையை முன்வைத்தார். 1997இல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தண்டனையைச் செல்லாது என்று அறிவித்தது. 2007 அக்டோபர் 26ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது, 94 வயது பிரான்சிஸ்கா முன்வரிசையில் அமர்ந்திருந்தார். நூறு வயது கண்டு 2013இல் மறைந்தார். ஆயர் பிளீசர் ஆட்சி செய்த அதே மறைமாவட்டத்தின் பேராலயம் அது.

அடுத்த வாரம் வகுப்பில், வாக்கெடுப்பு நடந்த நாளின் கதையை மட்டும் சொன்னேன். ஊரே ஒரு பக்கம் நிற்க, ஒருவர் மட்டும் வேறு மாதிரி வாக்களித்தார் என்றேன். பிறகு அவர் போருக்குப் போக மறுத்ததையும் சிறையில் இறந்ததையும் சுருக்கமாகச் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. கேள்வி கேட்ட அதே மாணவி மீண்டும் கையைத் தூக்கினாள்.

"அவங்க மனைவி, வேணாம், போயிடுங்கன்னு சொல்லலியா ஐயா?"

"சொன்னாங்கம்மா. முதலில் சொன்னாங்க. எல்லாரும் அவரை எதிர்த்துப் பேச ஆரம்பிச்சதும் நிறுத்திக்கிட்டாங்க" என்றேன்.