கைதட்டியவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர்

உடுமலைப்பேட்டையிலிருந்து திருப்பூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு சாம்பிள் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பையர் வருவார். பனியனைக் கையால் தடவிப் பார்ப்பார், தையலை இழுத்துப் பார்ப்பார், உள்பக்கம் திருப்பியும் பார்ப்பார். பிடித்திருந்தால் விலை பேசி ஆர்டர் கொடுப்பார். இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சாம்பிளைப் பார்ப்பவரும் பணம் போடுபவரும் ஒரே ஆள். அவருடைய முதல் அபிப்பிராயம் தவறாக இருந்தால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் கவனமாகப் பார்ப்பார்.

புதிய தொழில்நுட்பங்களை அறிமுகப்படுத்தும் மேடைகள் இப்படிப்பட்டவை அல்ல. அமெரிக்காவில் 1991-ல் ஸ்டூவர்ட் ஆல்சாப் என்ற பத்திரிகையாளர் 'டெமோ' என்று ஒரு மாநாட்டைத் தொடங்கினார். புதிய நிறுவனங்கள் மேடையேறி, சில நிமிடங்களுக்குள் தங்கள் சரக்கை இயக்கிக் காட்ட வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் பத்திரிகையாளர்கள், முதலீட்டாளர்கள், கணினித் துறைக்காரர்கள். அவர்கள் கைதட்டினால் மறுநாள் செய்தி வரும். ஆனால் அந்தக் கைதட்டலை எவ்வளவு நம்பலாம்? கையடக்கக் கணினியின் கதையை எடுத்துக்கொண்டால் இதற்கு நல்ல விடை கிடைக்கிறது.

1993 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில் ஆப்பிள் நிறுவனம் 'நியூட்டன்' கருவியை வெளியிட்டது. திரையில் பேனாவால் எழுதினால் கையெழுத்தைப் புரிந்துகொள்ளும் என்றார்கள். ஆனால் எழுதியது ஒன்றாகவும் திரையில் வந்தது வேறொன்றாகவும் இருந்தது. பத்திரிகை கார்ட்டூன்களில்கூட கேலி செய்தார்கள். பின்னால் அந்தக் குறையை ஓரளவு சரிசெய்தும் பயனில்லை. 1998-ல் ஆப்பிள் நியூட்டனையே மூடிவிட்டது. முதல் அபிப்பிராயம் மோசம், முடிவும் மோசம்.

அடுத்தது 'பாம் பைலட்'. இதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி செய்வதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றியவர். பையில் அடங்குமா, எத்தனை முறை வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படி! கருவி மனிதனின் கையெழுத்தைக் கற்றுக்கொள்வதைவிட, மனிதன் கருவிக்கேற்ற எளிய எழுத்தைக் கற்றுக்கொள்வது சுலபம் என்று முடிவு செய்தார். 1996 ஜனவரியில் டெமோ மேடையில் அறிமுகமானது. விலை 299 டாலரில் தொடங்கியது. நல்ல வரவேற்பு. லட்சக்கணக்கில் விற்றது.

இங்கே கவனியுங்கள். அந்த அரங்கில் இருந்தவர்கள் டைரியும் முகவரிப் புத்தகமும் சுமந்து திரிந்தவர்கள். தங்களுக்கே தேவையான பொருளைத்தான் பார்த்தார்கள். அமெரிக்கரின் சராசரி ஆண்டு வருமானம் அப்போது சுமார் 30,000 டாலர். அதில் 299 டாலர் என்பது நூற்றில் ஒரு பங்கு. திருப்பூர் பையரைப்போல, பார்த்தவரே வாங்குபவராகவும் இருந்தார். அதனால் அவர்கள் கணிப்பு பலித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1998 அக்டோபரில் 'பெங்களூர் ஐ.டி. டாட் காம்' என்ற பெரிய தொழில்நுட்பக் கண்காட்சி நடந்தது. அதையொட்டி, வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எப்படிப் பயன்படும் என்று ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். அங்கே முளைத்த யோசனைதான் 'சிம்ப்யூட்டர்'. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை அமைத்து உழைத்தார்கள். 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவி பெங்களூரில் வெளியானது.

பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். உள்ளங்கையில் அடங்கும் லினக்ஸ் கணினி. தொடுதிரை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்திய மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டும். எல்லாவற்றையும்விடப் புதுமை, ஸ்மார்ட் கார்டு. கிராமத்துக்கு ஒரு கருவி போதும், ஆளுக்கொரு கார்டு இருந்தால் அவரவர் விவரம் அவரவரிடம். அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் இதைப் பாராட்டி எழுதினார்.

பிறகு? 2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஆரம்ப விலை 9,950 ரூபாய். 50,000 கருவிகள் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2005 வரை விற்றது சுமார் 4,000 தான். நூற்றுக்கு எட்டு!

ஏன் இப்படி ஆயிற்று? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தச் சமயத்தில் இந்தியரின் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய். அதில் பாதியை விழுங்கும் கருவி இது. ஊரே பகிர்ந்துகொள்ளத்தானே ஸ்மார்ட் கார்டு என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அந்த முதல் 9,950 ரூபாயைப் போடுவது யார்?

பகிர்ந்துகொள்வது நம் ஊருக்குப் புதிதல்ல. எஸ்.டி.டி. பூத் ஞாபகமிருக்கிறதா? ஊர் முழுக்க ஒரே டெலிபோனில் பேசியது. அங்கே பூத்காரர் முதல் போட்டார், ஒவ்வொரு காலுக்கும் அவருக்குக் கமிஷன் கிடைத்தது. அதனால் காலை முதல் இரவு வரை கடையைத் திறந்து வைத்தார். சிம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பூத்காரர் ஊருக்கு ஊர் உருவாகவில்லை. அரசுத் துறைகள் சில சோதனை முயற்சிகள் செய்ததோடு சரி, பெரிய ஆர்டர் வரவில்லை.

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. 2003-ல் ரிலையன்ஸ் நிறுவனம், முதலில் 501 ரூபாய் கட்டினால் செல்போன் என்று அறிவித்தது. மீதியை மாதாமாதம் கட்டலாம். அதே ஆண்டு டார்ச் லைட்டோடு நோக்கியா 1100 வந்தது. பவர்கட்டில் டார்ச் எவ்வளவு உதவும் என்று யாரும் மேடையேறி விளக்க வேண்டியிருக்கவில்லை. வாங்குகிறவருக்கே தெரியும்.

ஆக, 2001-ல் கைதட்டியவர்கள் ஏமாந்துவிட்டார்களா? அப்படியும் சொல்ல முடியாது. தொடுதிரை, தாய்மொழியில் பேசும் கருவி, அசைத்தால் பக்கம் புரளும் வசதி (இது அமிடாவில் இருந்தது) எல்லாம் பின்னாளில் ஸ்மார்ட்போனில் சாதாரணமாகிவிட்டன. கருவியைப் பற்றிய அவர்கள் கணிப்பு சரிதான். ஆனால் வியாபாரத்தைப் பற்றிக் கணிக்க வேண்டியவர் அந்த அரங்கில் இல்லை. நகரத்துப் படித்தவர்கள், கிராமத்து விவசாயிக்கு இது பிடிக்கும் என்று அவர் சார்பில் கைதட்டினார்கள். அவர் பையிலிருந்து பணம் எடுக்க வேண்டிய இடத்தில்தான் கதை மாறியது.

இன்று உடுமலை பக்கம் தென்னந்தோப்பில் நிற்கும் விவசாயி, கொப்பரை விலையைக் கையிலிருக்கும் போனில் பார்க்கிறார். சிம்ப்யூட்டர்காரர்கள் கண்ட கனவு ஏறக்குறைய இதுதான். கனவு பலித்தது, கண்டவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

அடுத்த முறை ஏதாவது புதுக் கம்பெனியின் அறிமுக விழாவில் பலத்த கைதட்டல் என்று செய்தி வந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதைத் தங்கள் சொந்தக் காசில் வாங்கப் போகிறவர்கள்?