1792: ஸ்காட்லாந்தின் 'செம்மறிகளின் ஆண்டும்' நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலும்

ஸ்காட்லாந்தின் வடபகுதியான ஹைலாண்ட்ஸ் மலைநாட்டில், 1792ஆம் ஆண்டு 'செம்மறிகளின் ஆண்டு' என்றே நினைவுகூரப்படுகிறது. அவ்வாண்டு அங்கு நிகழ்ந்த குத்தகை விவசாயிகளின் கிளர்ச்சிக்கும் தமிழகத்தின் சோழமண்டலக் கரைக்கும் இடையே, ஒரு படைத்தளபதியின் வாழ்க்கை வழியாகத் தொடர்பு உண்டு.

தளபதியும் நிலவுடைமையாளரும்

அவர் சர் ஹெக்டர் மன்றோ. 1764இல் பக்சார் போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வழிநடத்தி வென்றவர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் சிக்கிய கர்னல் பெய்லியின் படைப்பிரிவைக் காக்கத் தவறியவரும் அவரே. 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினார்.

இந்தியாவில் ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதியை, ராஸ்ஷயரில் இருந்த தமது நொவார் பண்ணையில் அவர் செலவிட்டார். அருகிலுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில் 1782இல் அவர் எழுப்பிய கல் வளைவுகள், நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயலில் அமைந்தவை எனக் கூறப்படுகிறது. வாடிய உள்ளூர் மக்களுக்கு வேலை அளிக்கவே அவற்றைக் கட்டினார் என்பது அப்பகுதியின் வழக்கு.

ஆடுகளும் படையினரும்

ஆனால் பத்தாண்டுகளுக்குள் நிலைமை மாறியது. கம்பளிக்குக் கிடைத்த நல்ல விலை காரணமாக, நிலவுடைமையாளர்கள் பெரிய ஆட்டுப்பண்ணையாளர்களுக்கு நிலத்தைக் கூடுதல் குத்தகைக்கு விடலாயினர். மன்றோவின் கில்டர்மோரி நிலமும் கேமரன் சகோதரர்களுக்குச் சென்றது. தலைமுறைகளாகத் தாங்கள் மேய்த்த இடத்தை இழந்த ஸ்ட்ராத்ரஸ்டேல் விவசாயிகளின் மாடுகளை, அத்துமீறி நுழைந்ததாகக் கூறி அச்சகோதரர்கள் பட்டியில் அடைத்தனர்.

1792 ஜூலை இறுதியில், அப்பகுதியிலிருந்து செம்மறிகளை அகற்ற விவசாயிகள் முடிவு செய்தனர். ஆயிரக்கணக்கான ஆடுகள் தெற்கு நோக்கி ஓட்டிச் செல்லப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சியின் அச்சத்தில் இருந்த அதிகாரிகள் இதனைக் கலகமாகவே கருதினர். கிளர்ச்சியை ஒடுக்க வரவழைக்கப்பட்டது 42ஆம் ஹைலாண்ட் படைப்பிரிவு. அதன் கர்னல் பதவியை வகித்தவர் ஹெக்டர் மன்றோ.

கைதானவர்களில் சிலர் இன்வர்னஸ் நகரில் விசாரிக்கப்பட்டு, நாடுகடத்தல் உள்ளிட்ட தண்டனைகள் பெற்றனர். பின்னர் அவர்கள் சிறையிலிருந்து தப்பினர், மீண்டும் பிடிபடவில்லை. ஆயினும் நில வெளியேற்றங்கள் அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்தன. இவ்வாறு புலம்பெயர்ந்த ஹைலாண்ட் மக்களில் ஒரு பிரிவினர், கனடாவின் நோவா ஸ்கோஷியா வழியாக, 1850களில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வடக்கே உள்ள வைப்பூவில் குடியேறினர்.

சேலத்தில் மற்றொரு மன்றோ

அதே 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை மூலம் பாராமகால், சேலம், திண்டுக்கல் பகுதிகளைத் திப்பு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகாலை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களுள் ஒருவர், கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ. இடைத்தரகரின்றி ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி தண்டும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருவெடுத்தது. 1820இல் அவர் சென்னை ஆளுநரானபின் மாகாணத்தில் அது பரவலாயிற்று.

இம்முறையில் விவசாயிக்குப் பட்டா கிடைத்தது. கூடவே கடுமையான வரிச்சுமையும் வந்தது. நிலமற்ற உழவுத்தொழிலாளர்கள் இதில் இடம்பெறவில்லை.

ஹைலாண்ட்ஸின் சிறு விவசாயிகள், தம் நிலத்திலிருந்து விருப்பம்போல் வெளியேற்றப்படாதிருக்கும் சட்டப் பாதுகாப்பைப் பெற 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, செம்மறிகளின் ஆண்டுக்குப் பின் 94 ஆண்டுகள். ஃபைரிஷ் குன்றின் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய கைகளுக்கு ஒருமுறை கூலி கிடைத்தது. நிலத்தின் மீது உரிமை கிடைக்கவில்லை.