லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி

வீட்டுத் தோட்டம் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் சங்கக் கூட்டங்களில் இப்போது அரசியலைவிட அதிகம் அலசப்படுவது மாடித் தோட்டம்தான். யார் வீட்டுப் புடலை எத்தனை முழம், மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயா புகையிலைக் கரைசலா என்று ஆரம்பித்தால் காபி ஆறிப்போகிறது. பூச்சிக்கு மருந்து சொல்ல எனக்குத் தகுதி போதாது. ஆனால் 'தோட்டம்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல என்னிடம் கொஞ்சம் சரக்கு உண்டு.

கேரளத்தின் இடுக்கி மலையில், வண்டிப்பெரியாறு பக்கம் பிறந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும் தேயிலையும் தோட்டம்தான். லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீட்டுக்குப் பின்னால், நாலு பாய் விரிக்கிற அளவு கிடந்த கீரைப் பாத்தியும் தோட்டம்தான். முதலாவதைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. இரண்டாவதற்கும் ஒரு வரலாறு உண்டென்பது என் எண்ணம்.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூஞ்சார் அரசர் 1877-இல் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த நிலம் 1,30,000 ஏக்கருக்கும் மேல். 1897-இல் அங்கே கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தெற்கே பீர்மேட்டில் அதற்கு முன்பே துரைமார் காப்பி போட்டிருந்தார்கள். பின்னர் இரு பக்கமும் தேயிலை மலையை மூடியது. வேலைக்கு ஆள் வந்தது மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து. கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, போடி வழியாகவும் கம்பம் குமுளி வழியாகவும் நம் ஜனங்கள் மலை ஏறினார்கள்.

ஏறியவர்கள் கரிசலிலும் செவலிலும் விவசாயம் பார்த்த கைகள். பகலெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து, அந்தி வெளிச்சம் இருக்கிற ஒரு மணி நேரத்தில் மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள். மாட்டுத் தொழுவம் பக்கத்திலேயே இருந்ததால் சாணத்துக்குக் குறைவில்லை. கீழ்நாட்டு விதைகள் பாதி அந்தக் குளிரில் சொன்னபடி கேட்கவில்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவை 'இங்கிலீஷ் காய்கறிகள்'. நீலகிரியில் 1820-களில் ஜான் சலிவன் என்ற கலெக்டர் உருளைக்கிழங்கையும் மற்ற சீமைக் காய்களையும் பயிரிட்டுப் பார்த்தது பலருக்கும் தெரிந்த கதை. எங்கள் மலையில் கோசும் கேரட்டும் பங்களாத் தோட்டத்திலிருந்து லயத்துக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. துரை வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்தவனும் லயத்தில்தானே குடியிருந்தான்! நாலு நாற்று மடியில் வந்திருக்காதா?

எங்கள் பாத்தியில் என்னென்ன இருந்தன? பீன்ஸ், முள்ளங்கி, கொத்தமல்லி, புதினா, மணத்தக்காளி, ஓரத்தில் டேலியாப் பூ. பந்தல் நிறைய சவ்சவ். வேலியில் தாட்பூட் பழம். மூணாறுப் பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளில் மரத்தக்காளியும் உண்டு. புளிக்குழம்புக்கு அதற்கு ஈடு கிடையாது. வேடிக்கை என்னவென்றால் சவ்சவ்வுக்கு மெக்சிகோவும், தாட்பூட்டுக்கும் மரத்தக்காளிக்கும் தென்னமெரிக்காவும் பூர்வீகம். எங்கெங்கிருந்தோ மலையேறிய செடிகள், எங்களைப் போலவே.

இல்லாதது எது என்று பார்த்தால்தான் வரலாறு தெரியும். பலா இல்லை, மா இல்லை, தென்னை இல்லை. மூணாறுக் குளிருக்குத் தென்னை வராது, சரி. வண்டிப்பெரியாற்றில் பலாவுக்கு என்ன குறை? ரோட்டோரத்தில் காய்த்துத் தொங்குகிறதே! சின்ன வயதில் ஒரு பலாக்கொட்டையை நான் ஊன்றப் போனபோது அம்மா சொன்னது: "மூணு மாசத்துல கைக்கு வர்றத வையி. பலா வச்சா திங்க யாரு இருப்பா?" வேலை இருக்கும்வரைதான் வீடு. 58 வயதில் ஓய்வு வந்ததும், பிள்ளைகளில் ஒருவர் பேர் பதியாவிட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மரத்தக்காளி ஒன்றுதான் விதிவிலக்கு. பேர்தான் மரம், இரண்டு வருஷத்தில் காய்த்துவிடும்.

இது தமிழனுக்கு மரம் வைக்கத் தெரியாததால் அல்ல. மறையூர், காந்தல்லூர் அடங்கிய அஞ்சுநாட்டைப் பாருங்கள். மதுரைப் பக்கத்திலிருந்து பழைய காலத்தில் தப்பி வந்தவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள், சொந்த நிலத்தில் படிக்கட்டு வயல் வெட்டி வாழ்கிற ஊர்கள் அவை. அந்தப் பக்கத்து மறையூர் வெல்லத்துக்கு 2019-இலும், காந்தல்லூர் வட்டவடை வெள்ளைப்பூண்டுக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தல்லூரில் ஆப்பிளும் பிளம்ஸும் காய்க்கின்றன. மழைமறைவுப் பகுதி என்பதால் தட்பவெப்பம் கொஞ்சம் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் பட்டா இருக்கிறவன் பத்து வருஷத்தை யோசித்துக் குழி வெட்டுகிறான்.

பாலக்காட்டில் கதை இன்னொரு விதம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று சித்தூர் வட்டத்துக் கிழக்கு ஓரம் முழுக்கத் தமிழ் பேசும் ஊர்கள். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த 'குடிகிடப்பு'க்காரருக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. நகராட்சியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட். பத்து சென்ட் என்பது சின்ன விஷயமில்லீங்க! இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கழுநீர் பாய்கிற இடத்தில் வாழை, நிழலில் சேம்பு. ஒரு குடும்பத்தின் குழம்பு அதற்குள் முடிந்துவிடும். ஆனால் அதே சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவர்களுக்கு அந்தப் பத்து சென்ட் வரவில்லை.

அதற்கும் முன்பு, 1954-55-இல், திரு-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை இந்த மலையில் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தார். தேவிகுளம், பீர்மேடு தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கிளர்ச்சி நடந்த சமயம் அது. குடும்பத்துக்கு 5 ஏக்கர் என்ற கணக்கில் கீழிருந்து மலையாளக் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டன. வந்தவர்களும் ஏழைகளே, அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்கள் பலாவும் மிளகும் வைத்தார்கள். நாங்கள் முள்ளங்கி வைத்தோம்.

துரைமார் நாட்டில் என்ன நிலைமை என்று தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் தொழிலாளிக்குக் காய்கறித் துண்டு நிலம் வாடகைக்குக் கொடுப்பதை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. வழக்கமான துண்டு 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 6 சென்ட். நிலக்காரர் வெளியேற்றினால், நிற்கிற பயிருக்கும் போட்ட எருவுக்கும் இழப்பீடு உண்டென்றது 1922-ஆம் ஆண்டுச் சட்டம். போட்ட எருவுக்கு! அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "சாணிக்கா காசு குடுத்தாங்க?" என்று நம்பாமல் சிரித்தார்.

பீர்மேட்டுப் பக்கம் 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்து பல எஸ்டேட்டுகள் மூடப்பட்டபோது, சம்பளம் நின்ற வீடுகளில் அடுப்பு எரிந்ததற்கு அந்தப் பாத்திகளும் ஒரு காரணம். மூணாறில் படையப்பா என்று பேர் வாங்கிய கொம்பன் யானைக்கும் லயத்துக் கோசு, கேரட்டின் ருசி தெரியும். அது வேறு கதை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததில் 70 பேர் போனார்கள். பிழைத்தவர்களில் 8 குடும்பங்களுக்கு, குற்றியார் பள்ளத்தாக்கில் அரசு கொடுத்த நிலத்தில் தனி வீடு கிடைத்தது.

அம்மா ஓய்வு பெற்றுக் கம்பத்துக்கு இறங்கியபோது, சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்த விதைகளையும் ஒரு சவ்சவ் காயையும் எடுத்துக்கொண்டார். பாத்தியை அடுத்து வந்த குடும்பம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கொடியின் வாரிசு இப்போது என் பால்கனியில் இருக்கிறது. சவ்சவ்வின் விதையைத் தனியே எடுத்து ஊன்ற முடியாது. முற்றிய காயை அப்படியே நிழலில் போட்டு வைத்தால் அடியில் பிளந்து முளை நீட்டும். முளை உள்ள பக்கத்தைச் சற்றுச் சாய்த்து, முக்கால் பாகம் மண்ணில் புதைத்து, பெரிய தொட்டியாக வையுங்கள். காய் வேண்டுபவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் சொல்லிவிட்டால், முளைவிட்டதாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன்.