விண்மீன் அட்டவணையும் ஒரு தமிழகத்துக் கண்களும்

உசிலம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டை நோக்கிச் செல்வோர்க்குப் பழனி மலைத்தொடர் புதிதன்று. அம்மலைமேல் கொடைக்கானல் வானாய்வகம் இருப்பதையும் பலர் அறிவர். ஆனால் அது கதிரவனை ஆராயத் தோன்றியது என்பதும், அதற்கு முன்னர் நூறாண்டுக் காலம் சென்னை நுங்கம்பாக்கத்தில் விண்மீன்களை எண்ணிய ஓர் ஆய்வகம் இருந்தது என்பதும் நம்முள் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கின்றன?

வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அதிகாரி 1786இல் எழும்பூரில் சொந்தமாக ஓர் வானாய்வகம் வைத்திருந்தார். அதைக் கிழக்கிந்தியக் கும்பினி ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டது. கடற்பயணத்திற்கும் நில அளவைக்கும் நேரமும் இடமும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதே கும்பினியின் நோக்கம், வானின் அழகன்று.

எனினும் அக்கட்டடத்திலிருந்து 1844இல் ஓர் அரிய நூல் வெளிவந்தது. தாமஸ் கிளான்வில் டெய்லர் தொகுத்த அந்த அட்டவணையில் 11,015 விண்மீன்களின் இடங்கள் உள்ளன. இலண்டனின் அடிவானத்திற்கு மேல் ஒருபோதும் எழாத தென்வான மீன்கள் பல சென்னையில் தெளிவாகத் தெரியும். சென்னை அட்டவணையின் மதிப்பு அதில்தான் அடங்கியிருந்தது.

அட்டவணை எவ்வாறு உருவாகிறது? வடக்கு தெற்காக மட்டுமே அசையும் தொலைநோக்கி ஒன்று. அதன் பார்வையில் மெல்லிய இழைகள். விண்மீன் இழையைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தின் ஒலியைக் காதால் எண்ணியபடி கண்ணால் பிடிக்க வேண்டும். அந்த நேரம் ஓர் எண். கருவியின் வட்டத்தில் படிக்கும் கோணம் மற்றோர் எண். விடிந்தபின் காற்றினால் ஒளி வளைந்த அளவையும், நம் பஞ்சாங்கக்காரர் அயனசலனம் என்று கூறும் நகர்வையும் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். ஓர் இரவின் வேலைக்குப் பல நாள் கணக்கு. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பவரின் உழைப்பே இதற்கு நெருங்கிய உவமை என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த உழைப்பில் வாழ்நாளைச் செலவிட்டவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். நார்மன் போக்சன் 1861இல் தலைமையேற்ற பின் முதல் உதவியாளராக இருந்தவர். போக்சன் வந்த ஆண்டிலேயே ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். விண்மீன்களின் ஒளித்தரத்தை இன்றும் அளக்கும் அளவுகோலும் 1856இல் அவர் வகுத்ததே. அத்தகையவரின் அருகில் ஒருவர் மறைந்துபோவது எளிது. ஆனால் நாள்தோறும் குறிப்பவர்க்கே ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே மீனைப் பற்றிய இரு குறிப்புகள் முரண்பட்டால், பார்த்தவர் பிழைத்திருக்க வேண்டும், அல்லது அந்த மீனே மாறியிருக்க வேண்டும். தென்வானில் ரெட்டிகுலம் என்னும் தொகுதியில் உள்ள ஒரு மீனின் ஒளி கூடிக் குறைவதை இரகுநாதாச்சாரியார் 1867இல் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது; அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே. (போக்சனின் மகள் ஐசிஸும் இதே ஆய்வகத்தில் உதவியாளராக உழைத்தார். 1886இல் அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது பெண் என்பதால் ஏற்கப்படவில்லை. 1920 வரை காத்திருக்க நேர்ந்தது.)

இரகுநாதாச்சாரியாரை நாம் மதிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தொலைநோக்கியில் கண்டதை அவர் ஆங்கில ஏடுகளோடு விட்டுவிடவில்லை. வழிவழி வந்த வாக்கியக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகாததைக் கண்டு, காட்சிக்கு ஒத்த திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி கதிரவனைக் கடக்கவிருந்ததை விளக்கி, பண்டிதரும் வானியலாரும் உரையாடுவதாகச் சிறுநூல் எழுதிப் பல மொழிகளில் பரப்பினார். வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் நம் வீடுகளில் தீர்ந்தபாடில்லை!

அவர் 1880இல் மறைந்தார். 1862 முதல் 1887 வரை சேர்ந்த நோக்கீட்டுக் குறிப்புகளுள் பல போக்சன் 1891இல் இறந்தபோதும் அச்சேறாமல் கிடந்தன. பின்வந்த மிச்சி ஸ்மித்தே அவற்றைப் பதிப்பித்தார். சுவடிகளில் கிடந்த சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் அச்சேற்றிய ஆண்டும் 1887தான். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது தமிழாசிரியர்களின் பழக்கதோஷம், வாசகர் பொறுத்தருள்க.

இதற்கிடையே தாது வருடப் பஞ்சம் வந்துபோயிருந்தது. மழை பொய்த்ததற்கும் கதிரவனின் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டோ என்று ஆளுவோர் ஐயுற்றனர். கதிரவன் ஆய்வு முதன்மை பெற்றதற்கு அந்த ஐயமும் ஒரு காரணம். 1899இல் பணி கொடைக்கானலுக்கு மாறியது, கருவிகள் மலையேறின, சென்னையின் மீன்கணக்கு நின்றது.

தை மாத முன்னிரவில் தெற்கே அகத்திய மீன் ஒளிர்வதைக் கிராமத்தில் எவரும் காட்டுவர். அதற்கு வலப்புறம் கீழே, உசிலம்பட்டியில் அடிவானிலிருந்து ஏறத்தாழ 17 பாகை உயரத்தில், ஆர் ரெட்டிகுலி நிற்கிறது. ஏறக்குறைய ஒன்பது மாதத்திற்கு ஒருமுறை அது பொலிவு பெறும். அப்போதும் வெறுங்கண்ணுக்கு எட்டாது; ஓர் இருகண் நோக்கி வேண்டும்.